உப்புத் தண்ணீர் ஊரில் முகப் பராமரிப்பு: சோப்பிலிருந்து சன்ஸ்கிரீன் வரை

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, கடலோரத்தில் இருக்கிறவர்கள் முகத்துக்கு ஒரு பொருள் வாங்கும் முன் பார்க்க வேண்டியது வீட்டுத் தண்ணீரை. வீடியோக்களில் சொல்லும் யோசனைகள் பெரும்பாலும் நல்ல தண்ணீரில் முகம் கழுவுகிறவர்களுக்கானவை. போரில் (ஆழ்துளைக் கிணற்றில்) உப்புத் தண்ணீர் வரும் வீட்டில் அதே ஃபேஸ்வாஷ் வேறு மாதிரி வேலை செய்யும். அதனால் தண்ணீரிலிருந்தே ஆரம்பிப்போம்.

படி 1: தண்ணீரைச் சோதியுங்கள்

காலி பாட்டில் ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு போர் தண்ணீர் பிடியுங்கள். குளியல் சோப்பைக் கத்தியால் சீவி ஒரு சிட்டிகை போட்டு, மூடிக் குலுக்குங்கள். ஷாம்பு வேண்டாம், அது உப்புத் தண்ணீரிலும் நுரைத்து ஏமாற்றிவிடும். நுரை பொங்கி நின்றால் கவலை இல்லை. நுரை எழும்பாமல் தண்ணீர் பால் போலக் கலங்கி, மேலே தயிர்த் திப்பி மாதிரி மிதந்தால் அது கடினத் தண்ணீர்.

அந்தத் திப்பி, தண்ணீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து உண்டாகும் படிவு. குளிக்கிற வாளியின் உள்பக்கம் விரலால் தேய்த்தால் சாம்பல் நிறத்தில் பிசுபிசுப்பாக வருகிறதே, அதுதான். கழுவிய பிறகு முகத்திலும் இதே படலம் தங்கி, அரிப்பையும் வறட்சியையும் கொண்டுவருகிறது.

இதற்கு ஃபில்டர் வாங்க வேண்டியதில்லை. முகத்தைப் போர் தண்ணீரிலேயே கழுவிவிட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் குடிக்கிற நல்ல தண்ணீரில் ஒரு செம்பு, அரை லிட்டர், எடுத்து வையுங்கள். குடம் காசு கொடுத்து வாங்குகிற ஊரில் இது வீண் செலவாகத் தோன்றலாம். விலை கூடிய கிரீம் வாங்குவதைவிட இந்த அரை லிட்டர் கூடுதலாக உதவும்.

படி 2: உங்கள் தோல் எந்த வகை?

இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். உப்புத் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினால் யாருக்கும் முகம் இழுத்துப் பிடிக்கும். உடனே 'எனக்கு வறண்ட தோல்' என்று முடிவு கட்டி, கெட்டியான கிரீமைப் பூசி, பத்து நாளில் நெற்றி முழுக்கப் பரு வாங்கிக்கொள்கிறார்கள். தோல் எண்ணெய்ப் பசையுள்ளதாகவே இருந்திருக்கும். இழுத்தது தண்ணீரும் சோப்பும்.

ஆகவே இந்தச் சோதனைக்கு ஆரம்பம் முதல் நல்ல தண்ணீரே வேண்டும். மிதமான ஃபேஸ்வாஷை ஒரு பட்டாணி அளவு எடுத்துக் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். எதுவும் பூசாமல், ஃபேனுக்கு நேரே உட்காராமல், ஒரு மணி நேரம் வீட்டுக்குள் இருங்கள். பிறகு மெல்லிய டிஷ்யூ தாளை நெற்றி, மூக்கு, கன்னம் என்று தனித்தனியாக அழுத்திப் பாருங்கள்.

எல்லா இடத்திலும் எண்ணெய்க் கறை விழுந்தால் எண்ணெய்த் தோல். நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் என்றால் கலப்புத் தோல். இந்த வெக்கையில் இது மிகச் சாதாரணம். கறையே இல்லாமல் தோல் இழுத்தால் வறண்ட தோல். கறை எப்படி இருந்தாலும் புதிதாக எதைப் பூசினாலும் எரிகிறது, சிவக்கிறது என்றால் அது எளிதில் பாதிக்கப்படும் தோல். சித்திரை வெயிலில் ஒரு முறையும் மார்கழி வாடையில் ஒரு முறையும் பாருங்கள். முடிவு மாறலாம்.

படி 3: கழுவும் பொருள்

தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, பி.எச் (அமிலம், காரம் காட்டும் அளவு; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 5-ஐ ஒட்டி இருக்கும். சாதாரண சோப்பின் பி.எச் 9 முதல் 10 வரை. 'கிரேடு 1', 'டி.எஃப்.எம் (மொத்தக் கொழுப்பு அளவு) 76 சதவீதம்' என்று அட்டையில் போட்டிருந்தால் அதில் கொழுப்புப் பொருள் கூடுதல் என்று அர்த்தம். காரத்தன்மை அப்படியேதான் இருக்கும், உப்புத் தண்ணீரில் திப்பியும் வரும்.

அட்டையின் பின்பக்கம் முதல் இரண்டு பெயர்களைப் படியுங்கள். சோடியம் பாமேட், சோடியம் பாம் கெர்னலேட் என்று இருந்தால் சோப்பு. சோடியம் கோகோயில் ஐசெதயோனேட் என்று இருந்தால் சின்டெட் பார், அதாவது சோப்பு அல்லாத கழுவும் கட்டி. பார்க்க சோப்பு மாதிரியே இருந்தாலும் கடினத் தண்ணீரில் படிவு விடுவது மிகக் குறைவு. வறண்ட தோலுக்கும் எளிதில் பாதிக்கப்படும் தோலுக்கும் இதுவே சரி. எண்ணெய்த் தோலுக்கு ஜெல் ஃபேஸ்வாஷ், காலை ஒன்று, இரவு ஒன்று. நாலைந்து தடவை கழுவினால் எண்ணெய் குறையாது, தோல்தான் புண்படும். வறண்ட தோலுக்குக் காலையில் வெறும் தண்ணீர் போதும்.

படி 4: ஈரம் காப்பது

முகம் ஒற்றிய மூன்று நிமிடத்துக்குள், லேசான ஈரம் இருக்கும்போதே பூச வேண்டும். எண்ணெய்த் தோலுக்கு ஜெல், வறண்ட தோலுக்கு கிளிசரினும் செராமைடும் (தோலில் இயல்பாக உள்ள ஒரு கொழுப்பு) உள்ள கிரீம், கலப்புத் தோலுக்குக் கன்னத்தில் கிரீமும் நெற்றியில் ஜெல்லும். தேங்காய் எண்ணெய் கை காலுக்கு நல்லது. பரு வரும் முகத்தில் வேண்டாம், துவாரத்தை அடைக்கும். ஆடிக் காற்றில் வெடிக்கும் குதிகாலுக்கு 10 சதவீத யூரியா கிரீமை இரவில் பூசி சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். இரத்தம் கசியும் வெடிப்பில் அது எரியும். அங்கே ஆறும்வரை வாஸ்லின் மட்டும்.

படி 5: சன்ஸ்கிரீன்

காசு குறைவு, ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள். காய்ந்த கடற்கரை மணல் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தையும் கடல் நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்புகின்றன. குடைக்குள் நின்றாலும் கீழிருந்து தாக்கும். பாம்பன், மண்டபம் பக்கம் பாசி எடுக்கப் போகிறவர்களுக்கும் கருவாடு காய வைக்கிறவர்களுக்கும் தாடையின் அடிப்பக்கம்கூடக் கறுப்பது இதனால்தான்.

எஸ்.பி.எஃப் 30, பி.ஏ +++ குறைந்தபட்சம். எஸ்.பி.எஃப் என்பது தோலைச் சுட்டெரிக்கும் யு.வி.பி கதிருக்கான பாதுகாப்பு எண், பி.ஏ என்பது தோலைக் கறுக்கவைக்கும் யு.வி.ஏ கதிருக்கான குறி. 30-க்கும் 50-க்கும் வித்தியாசம் சிறிது: முதலாவது யு.வி.பி கதிரில் சுமார் 97 சதவீதத்தையும் அடுத்தது 98 சதவீதத்தையும் தடுக்கும். அளவுதான் பெரிய வித்தியாசம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் கோடு போட்டுப் பிதுக்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து அவ்வளவு வேண்டும். தோராயமாக ஒரு கிராமுக்குச் சற்று மேல். தினம் ஒரு தடவை பூசினாலும் 50 கிராம் டியூப் ஒன்றரை மாதத்தில் தீர வேண்டும். நான்கு மாதம் ஓடுகிறது என்றால் பூசுவது பெயருக்குத்தான்.

வெளியே போக கால் மணி நேரம் முன்பு பூசி, வெயிலில் இருக்கும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி. தண்ணீரில் இறங்குகிறவர்கள் 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' வாங்கினாலும், அட்டையில் போட்டிருக்கும் 40 அல்லது 80 நிமிடம்தான் அது தாங்கும். அதற்குமேல் துணிதான் காவல். முக்காட்டுத் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மறுபக்கம் தெளிவாகத் தெரிந்தால் கதிரும் உள்ளே வரும். எண்ணெய்த் தோலுக்கு ஜெல் சன்ஸ்கிரீன், எளிதில் பாதிக்கப்படும் தோலுக்கு ஜிங்க் ஆக்சைடு. ஜிங்க் மாநிறத்தில் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். நிறம் சேர்த்தது கிடைக்கும். அதிலுள்ள அயர்ன் ஆக்சைடு மங்கு (முகத்தில் படரும் பழுப்புக் கறை) உள்ளவர்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு.

கடலிலிருந்து ஏறியதும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். காய்ந்த உப்பின்மேல் துண்டால் தேய்த்தால் மணல்தாள் போட்ட மாதிரிதான்.

படி 6: கூடுதலாக ஏதாவது வேண்டுமானால்

முதல் ஒரு மாதம் கழுவும் பொருள், ஈரம் காக்கும் கிரீம், சன்ஸ்கிரீன் என்ற மூன்றோடு நிறுத்துங்கள். பிறகு ஒன்றே ஒன்று. பருவுக்கு 2 சதவீத சாலிசிலிக் அமிலம், வாரம் மூன்று இரவு. எண்ணெய் வழிதலுக்கும் தழும்புக் கறைக்கும் 5 சதவீத நியாசினமைடு. இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினால், எரிச்சல் வந்தால் எது செய்தது என்று தெரியாது. எதையும் முதலில் முழங்கை மடிப்பின் உள்பக்கம், ஒரு ரூபாய் நாணய அளவு, தினம் இரு வேளை, ஏழு நாள் பூசிப் பாருங்கள். எலுமிச்சைச் சாறு பூசிக்கொண்டு வெயிலில் போகாதீர்கள். கொப்புளம் வந்து கறை தங்கிவிடும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறோம். மெடிக்கலில் சும்மா கேட்டு வாங்கும் 'வெள்ளையாக்கும்' டியூபின் பின்னால் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்களில் எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. இரண்டு வாரத்தில் முகம் பளபளக்கும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, நரம்பு தெரியும், தாடியில்லாத இடத்தில் முடி முளைக்கும். நிறுத்தினால் பொங்கிக் கிளம்பும். படர்தாமரையில் பூசினால் அரிப்பு அடங்கியது போலத் தோன்றி, உள்ளுக்குள் பரவும். ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசிக்கொண்டிருந்தால், டியூபைக் கையில் எடுத்துக்கொண்டு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போங்கள். எத்தனை மாதம், தினம் எத்தனை தடவை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று டாக்டர் முடிவு செய்ய அந்தக் கணக்கு வேண்டும்.