கர்த்தர் காப்பார் என்று நம்பும்போது நாம் செய்யும் தவறுகள்

கர்த்தர் நம்மைக் காப்பார் என்று சொல்லும் 91-ஆம் சங்கீதத்தை ராத்திரி ஜெபத்தில் சொல்கிறோம், ஆபரேஷனுக்குப் போகும்முன் சொல்கிறோம். சொல்லவும் வேண்டும். ஆனால் அதைச் சொல்லிவிட்டால் நமக்கு எதுவுமே நடக்காது என்று நினைத்துக்கொள்வதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தித் தாழக் குதிக்கச் சொன்ன பிசாசு, ஆதாரமாகக் காட்டியதே, தூதர்கள் உன்னைக் கைகளில் ஏந்திக்கொள்வார்கள் என்ற இந்தச் சங்கீதத்தின் 11, 12 வசனங்களைத்தான். இயேசு குதிக்கவில்லை.

பாதுகாப்பு என்றால் என்ன என்று தெரிய அப்போஸ்தலர் நடபடிகள் புத்தகத்தின் 27-ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படியுங்கள். அப்போஸ்தலன் பவுல் கைதியாகப் போன கப்பலில் 276 பேர். கப்பல் போய்விடும், ஆனால் ஒரு உயிரும் சேதமாகாது என்று தேவதூதன் மூலம் வாக்கு கிடைத்தாயிற்று. அதற்கப்புறமும் புயல் ஓயவில்லை. மாலுமிகள் நங்கூரம் போடுகிற சாக்கில் படகை இறக்கித் தப்பப் பார்த்தபோது, எப்படியும் தேவன் காப்பாற்றுவார், போனால் போகட்டும் என்று பவுல் சும்மா இருக்கவில்லை. இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் பிழைக்க முடியாது என்று காவலுக்கு வந்த படை அதிகாரியான நூற்றுக்கு அதிபதியிடம் சொல்ல, போர்ச்சேவகர்கள் படகின் கயிற்றையே அறுத்துவிட்டார்கள். விடியற்காலையில், 14 நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் இருந்தவர்களைச் சாப்பிடச் சொல்லி, எல்லார் முன்பாகவும் அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம் பண்ணி, பிட்டு, முதலில் தானே சாப்பிட்டார். பிறகு கோதுமையைக் கடலில் கொட்டினார்கள். கடைசியில் நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தியும் மற்றவர்கள் பலகைகளைப் பிடித்துக்கொண்டும் கரை சேர்ந்தார்கள், ஒருவர்கூடக் குறையவில்லை. கரையில் மழை, குளிர், நெருப்பு மூட்டினால் அதிலிருந்து ஒரு விரியன் பாம்பு. வாக்குத்தத்தம் நிறைவேறிய விதம் இதுதான்.

அதனால் சுகர் மாத்திரையை, பிரஷர் மாத்திரையை விசுவாசத்தின் பேரில் நிறுத்தாதீர்கள், யாரையும் நிறுத்தச் சொல்லாதீர்கள். வியாதியில் சாகக்கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு இன்னும் 15 வருஷம் ஆயுசு என்று கர்த்தரே சொன்ன பிறகும், ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லிப் பிளவையின்மேல் பற்றுப்போட வைத்தார். மருந்து விசுவாசத்துக்கு எதிரி என்றால் ஏசாயா ஏன் அதைச் செய்யவேண்டும்?

அடுத்தது, நடந்ததை வைத்து விசுவாசத்தை அளப்பது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கும். அப்போஸ்தலர் 12-இல், ஏரோது ராஜா யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றான். அதே அதிகாரத்தில் பேதுருவைத் தூதன் சிறையிலிருந்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தான். இருவரும் இயேசுவோடு நடந்த சீஷர்கள்தான். யாக்கோபுக்கு விசுவாசம் பத்தவில்லை என்று யாராவது சொல்ல முடியுமா? அப்படியிருக்க, பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் மட்டும் எப்படிச் சொல்கிறோம்?

அழுதால் அவிசுவாசம் என்று நினைப்பதும் தவறு. 88-ஆம் சங்கீதம் ஆறுதல் இல்லாமல், இருளிலேயே முடிகிறது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. கோபமோ கேள்வியோ, இருப்பதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள்.

கஷ்டத்தில் இருப்பவர்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒன்று. பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர் மூன்று பேரும் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை சரியாகத்தான் செய்தார்கள். பிறகு வாயைத் திறந்து, நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று ஆரம்பித்தார்கள். முடிவில் கர்த்தரே அவர்கள்மேல் கோபப்பட்டார். ஆகவே காரணம் தேடிக் கொடுக்காதீர்கள். வீட்டில் அரிசி இருக்கிறதா, ஆஸ்பத்திரியில் ராத்திரி துணைக்கு ஆள் இருக்கிறதா என்று கேளுங்கள், பிள்ளைகளை ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விடுங்கள், ஜெபிக்கலாமா என்று கேட்டு, அவர்கள் சரி என்றால் சின்னதாக ஜெபியுங்கள்.