ரயில் டிக்கெட்டை வீட்டு வாசலிலேயே எடுத்துவிடுங்கள்

உச்சிப்புளி, மண்டபம் மாதிரி சின்ன ஸ்டேஷனில் மதுரை பாசஞ்சர் ஏறுகிறவர்கள், முன்பதிவில்லாத டிக்கெட்டை வீட்டிலிருந்து கிளம்பும்போதே ரயில்வேயின் ‘ரயில்ஒன்’ செயலியில் எடுத்துவிடுங்கள். பிளாட்பாரத்துக்கு வந்து போனை எடுத்தால் காரியம் ஆகாது. பரிசோதகரைப் பார்த்ததும் டிக்கெட் எடுப்பதைத் தடுக்க, ஸ்டேஷனுக்குள்ளும் தண்டவாளத்தை ஒட்டியும் நின்று காகிதமில்லா டிக்கெட் எடுக்க முடியாதபடி ஜிபிஎஸ் மூலம் தடுத்து வைத்திருக்கிறார்கள். மறந்துபோய் உள்ளே வந்துவிட்டால், அங்கே ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து எடுக்கலாம். அதுவும் இல்லையென்றால் கவுண்ட்டர்தான்.

டிக்கெட் செயலிக்குள்ளேயே இருக்கும் என்பதால் வழியில் சிக்னல் போனாலும் காட்டலாம். ஸ்கிரீன்ஷாட் செல்லாது. போனில் சார்ஜ் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், செத்த போனைக் காட்டினால் டிக்கெட் இல்லாத கணக்குத்தான்.

ரொம்ப முன்னாடியும் எடுக்காதீர்கள். மதுரை 200 கி.மீ.க்குள் வருவதால், டிக்கெட் எடுத்த 3 மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும். காகிதமில்லா டிக்கெட்டை ரத்து செய்து பணம் வாங்கவும் வழியில்லை. ரயில் தாமதம் என்று தெரிந்தால் கொஞ்சம் பொறுத்தே எடுங்கள். சென்னை எக்ஸ்பிரஸில் படுக்கை வேண்டுமென்றால் இந்த டிக்கெட் உதவாது, அது தனி முன்பதிவு.