மீன் குறைந்த ஏரியில் விரால் பிடிப்பது எப்படி?

புதுச்சேரியின் பாகூர் ஏரிக்கரையில் நின்று கண்ட இடத்திலெல்லாம் தூண்டிலை வீசுகிறவருக்கு விரால் அகப்படுவது அரிது. சொர்ணாவூர் அணைக்கட்டில் பெண்ணையாற்றிலிருந்து பிரியும் பங்காரு வாய்க்கால் வழியாகப் பருவமழைத் தண்ணீர் வந்து ஏரி நிரம்பியதும், இருக்கிற சில விரால்களும் பரந்த நீரில் சிதறிவிடுகின்றன. அத்தகைய நீரில் வீசுவதைக் குறைத்து, பார்ப்பதைக் கூட்ட வேண்டும்.

முதலில், ஏரியின் மீன் குத்தகையை எடுத்தவரிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். புதுச்சேரியின் மற்றொரு ஏரியான ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம் என்பதால் அங்கே தூண்டிலை எடுத்துச் செல்லவே கூடாது.

விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. அது அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கியே ஆக வேண்டும். நமக்குக் கிடைக்கும் ஒரே துப்பு அதுதான். விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும்போது ஆகாயத்தாமரையின் இடைவெளிகளையும், நெய்வேலிக் காட்டாமணக்குப் புதரின் ஓரங்களையும் அரை மணி நேரமாவது பாருங்கள். கெண்டை துள்ளினால் நீர் சிதறும். விரால் மூச்சு விட்டாலோ, மூக்கு நுனி மட்டும் ஒரு கணம் தெரிந்து மறைய, மெல்லிய வளையம் விரிந்து, சில குமிழிகள் எஞ்சி நிற்கும். அந்த இடத்தை ஒரு செடியையோ கல்லையோ அடையாளமாக வைத்து மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

கரையில் நடக்கும் அதிர்வும் நீரில் விழும் நிழலும் விராலை விரட்டிவிடும். ஒருமுறை கிழக்குக் கரையில் வெயிலுக்கு முதுகு காட்டி நின்றேன். என் தலையின் நிழல் அல்லி இலைமேல் விழுந்த மறுகணம் அதன் அடியிலிருந்து நீர் கோடு கிழித்து ஓடியது. அன்று முதல் வெயிலை எதிர்கொண்டு, புதரை முன்னால் வைத்துக் குந்தியே வீசுகிறேன்.

ஏழடித் தூண்டில் ராடு, செடியில் சிக்கினாலும் அறாத பின்னல் தூண்டில் நரம்பு, முள் வெளியே தெரியாத ரப்பர் தவளை ஆகியவை போதும். உயிருள்ள தவளையை முள்ளில் குத்துவதை நான் விரும்புவதில்லை. குறித்த இடத்தின்மேலேயே வீசாமல், அதைத் தாண்டி ஆறேழு அடி தள்ளிப் போட்டு, வளையங்கள் அடங்கும்வரை அசைக்காமல் விட்டு, பிறகு சிறிது இழுத்து, சிறிது நிறுத்தி அந்த இடத்தைக் கடக்கச் செய்யுங்கள். விரால் கவ்வும் ஓசை கேட்டதும் பதறி இழுத்தால் தவளை மட்டுமே திரும்பி வரும். ராடின் நுனியைத் தாழ்த்தி, நரம்பு தானாக இறுகும்வரை பொறுத்து, அதன்பின் ஓங்கி இழுக்க வேண்டும்.

நீரின்மேல் செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் திரளாகக் கொதிப்பதைக் கண்டால் அங்கே வீசவே வீசாதீர்கள். காவலிருக்கும் தாயும் தந்தையும் எதன்மீதும் பாயும் என்பதால் அவற்றைப் பிடிப்பது மிகவும் எளிது. ஆனால் காவல் போன குஞ்சுகளை மற்ற மீன்களும் கொக்குகளும் தின்றுவிடும். விரால் குறைந்த ஏரியில் அந்த ஒரு திரள்தான் அடுத்த ஆண்டு மீன். அதைக் காணும் நாளில் நான் நரம்பைச் சுருட்டிக்கொண்டு மதகின் மறுபக்கம் போய்விடுவேன்.