இன்குபேட்டரில் முட்டை வைக்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பல்பு சூட்டில் முட்டை பொரிக்க வைக்கும் தெர்மாகோல் பெட்டியில் (அதுதான் என் இன்குபேட்டர்) முதன்முதலாக நான் வைத்தது 24 நாட்டுக்கோழி முட்டை. பொரித்து வந்தது ஐந்தே குஞ்சு, அதுவும் 21ஆம் நாளுக்குப் பதில் 23ஆம் நாள். மீதியை உடைத்துப் பார்த்தால், பல முட்டைகளில் இறகு முளைத்து முழுதாக வளர்ந்த குஞ்சு செத்துக் கிடந்தது. முட்டை சரியில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, பெட்டியின் திரையில் தெரிந்த வெப்பநிலை எண்ணை அப்படியே நம்பியதுதான் தவறு என்று.

விசிறி உள்ள பெட்டியில் கோழி முட்டைக்கு 37.5 டிகிரி செல்சியஸ், அதாவது 99.5 ஃபாரன்ஹீட் வேண்டும். விசிறி இல்லையென்றால் சூடு மேலேயே தங்கிவிடும். அப்போது முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து 38.5 வரை வைக்கலாம். என் பெட்டியில் சூட்டை அளக்கும் சென்சார் பல்புக்குப் பக்கத்திலேயே தொங்கியது. அங்கே 37.5 ஆனதும் பல்பு அணைந்துவிடும். முட்டை இருந்த மூலையிலோ 36தான். சூடு குறைந்தால் பொரிப்பது தள்ளிப்போகும், குஞ்சும் பலவீனமாக வரும். கூடினால் சீக்கிரமே பொரித்து, தொப்புள் மூடாத குஞ்சாக வரும்.

அதனால் சென்சாரை முட்டை மட்டத்துக்கு இறக்கிவிடுங்கள். வீட்டில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இருக்குமே, அதையும் சென்சார் முனையையும் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் சேர்த்துப் பிடித்து எண்களை ஒப்பிடுங்கள். வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு, முட்டை வைக்காமலே ஒரு நாள் பெட்டியை ஓட்டிப் பாருங்கள். கரண்ட் போனால் பதற வேண்டாம். பெட்டியைத் திறக்காமல் போர்வையால் சுற்றி வைத்தால் ஒன்றிரண்டு மணி நேரம் தாங்கும். அடைக்கோழியே இரை எடுக்க எழுந்து போய்விட்டுத்தானே வருகிறது? சூடு கொஞ்ச நேரம் குறைவதைவிடக் கூடுவதுதான் ஆபத்து.

முட்டை விஷயத்துக்கு வருவோம். கடையில் வாங்கும் நாமக்கல் வெள்ளை முட்டை பொரிக்காது. அந்தப் பண்ணைகளில் கோழியோடு சேவல் விடுவதில்லை, முட்டையில் கருவே இருக்காது. சேவலோடு மேயும் கோழியின் முட்டையாகப் பார்த்து, ஒரு வாரத்துக்குள் இட்டதை மட்டும் எடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தது வேண்டாம். அழுக்காக இருக்கிறதே என்று கழுவவும் வேண்டாம். ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சு போய்விட்டால் கிருமி உள்ளே நுழையும்.

முட்டையைத் திருப்ப மறந்தால் கரு ஒரு பக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டுவிட்டு, நாளைக்கு மூன்று அல்லது ஐந்து முறை திருப்புங்கள். ஒற்றைப்படையாக இருந்தால், ஒவ்வொரு இரவும் ஒரே பக்கமாகவே கிடக்காது. 18ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்திவிட வேண்டும். ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தால் சிலந்தி வலை போல ரத்த நரம்புகள் தெரியும். அது இல்லாதது கூமுட்டை. எடுத்துவிடுங்கள், உள்ளே வெடித்தால் நாற்றத்தோடு கிருமியும் பரவும்.

ஈரப்பதம் 18 நாள் வரை 50 சதவீதம் ஒட்டி இருந்தால் போதும், அப்புறம் 65 முதல் 70. கூடுதலாகத் தண்ணீர் வைத்தால் நல்லது என்று நினைப்பவர்கள் நிறைய. முட்டை கொஞ்சம் ஈரத்தை இழந்தால்தான் அகன்ற முனையில் குஞ்சு மூச்சுவிடக் காற்றறை பெரிதாகும். மழைக்காலத்தில் கடலோர ஊர்களில் தண்ணீரே வைக்காமல் 45 அருகே நிற்பதும் உண்டு. ஈரப்பத மீட்டரைப் பார்த்து ஊற்றுங்கள். ஈரத்தைக் கூட்டத் தண்ணீரின் ஆழம் உதவாது, அகலமான தட்டுதான் உதவும். ஈரம் போய்விடும் என்று காற்றுத் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். கடைசி நாட்களில்தான் குஞ்சுகளுக்குக் காற்று அதிகம் தேவை.

இனி, அதிகக் குஞ்சுகளைக் கொல்லும் தவறு: கடைசி மூன்று நாளில் பெட்டியைத் திறப்பது. ஓட்டில் சின்னக் கீறல் விழுந்ததும் குஞ்சு ஓய்ந்துவிடும். 12 மணி நேரம், சில நேரம் 24 மணி நேரம்கூட அசைவு தெரியாது. அந்த நேரத்தில்தான் மஞ்சள் கருவையும், ஓட்டின் உட்புறச் சவ்வில் ஓடும் ரத்தத்தையும் அது உள்ளே இழுத்துக்கொள்கிறது. நாம் திறந்தால் ஈரம் சட்டென்று இறங்கி, சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை பொறுக்க முடியாமல் நகத்தால் ஓட்டைக் கொஞ்சம் உரித்தேன். சவ்வில் கடுகளவு ரத்தம் துளிர்த்தது. உடனே நிறுத்தியும், மாலைக்குள் குஞ்சு செத்துவிட்டது.

முதலில் வந்த குஞ்சு பசியில் கத்துகிறதே என்றும் திறக்காதீர்கள். வயிற்றுக்குள் இழுத்த மஞ்சள் கரு அதற்கு ஒரு நாளுக்கு மேல் தாங்கும். எல்லாம் காய்ந்து பஞ்சு போல ஆனதும் சேர்த்து ஒரே தடவையாக எடுத்து, சூடு தயாராக உள்ள பெட்டிக்கு மாற்றுங்கள். பொரிக்காத முட்டையை 21ஆம் நாளே தூக்கிப் போட வேண்டாம், 23ஆம் நாள் வரை விட்டுவையுங்கள்.