சைக்கிள் முன்விளக்கு: ஹேண்டில்பாரிலா, ஃபோர்க்கிலா?

இருட்டில் பள்ளமோ கல்லோ கண்ணில் படுவது அதன் நிழலால்தான். விளக்கு தாழத் தாழ நிழல் நீளும். 10 மீட்டர் தள்ளி 5 செ.மீ. உயரக் கல் ஒன்று கிடக்கிறது என்று வையுங்கள். விளக்கு ஹேண்டில்பாரில், 1 மீட்டர் உயரத்தில் இருந்தால் நிழல் அரை மீட்டர். முன்சக்கரத்தை இருபுறமும் பிடிக்கும் கவையான ஃபோர்க்கின் தலைப்பகுதியில், சுமார் 70 செ.மீ. உயரத்தில் இருந்தால் முக்கால் மீட்டரைத் தாண்டும். ஹெல்மெட்டில் கட்டினால் வெளிச்சம் கண்ணை ஒட்டியே கிளம்புவதால் நிழல் கல்லுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும். ரோடு தட்டையாகத் தெரியும். ஹெல்மெட் விளக்கை மட்டும் நம்பி ஓட்ட வேண்டாம்.

அதற்காக விளக்கைச் சக்கரத்தின் அச்சு வரை இறக்கிவிடாதீர்கள். சின்ன ஜல்லிகூடப் பெரிய பள்ளம்போல மிரட்டும், ஒரு பக்கத்து வெளிச்சத்தைச் சக்கரம் மறைக்கும்.

முன்னால் கூடை இல்லையென்றால் ஹேண்டில்பாரே போதும். நடுவில், ஸ்டெம்முக்கு (ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு இணைக்கும் பாகம்) பக்கத்தில் மாட்டுங்கள். பிரேக் கேபிள் விளக்குக்கு முன்னால் வளைந்து வந்தால் ரோட்டில் கறுப்புக் கோடு ஆடும். ஹேண்டில்பார் கம்பியின் விட்டம் நடுவில் 25.4 அல்லது 31.8 மி.மீ., கைப்பிடிப் பக்கம் பெரும்பாலும் 22.2 மி.மீ.; கிளாம்ப் அளவைப் பார்த்து வாங்குங்கள். லூசாக இருந்தால் பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டிச் சுற்றி, அதன்மேல் முடுக்கலாம்.

கூடையோ சாப்பாட்டுப் பையோ தொங்கும் சைக்கிளுக்கு ஃபோர்க் தலைதான் சரி. அங்கே ரப்பர் பட்டை வேண்டவே வேண்டாம்: நழுவினால் விளக்கு நேராக ஸ்போக்ஸுக்குள் போகும். இரும்புப் பட்டியை போல்ட் போட்டு, நைலான் வளையம் உள்ள நட்டால் முடுக்குங்கள்.

மேல்பக்க வெளிச்சம் வெட்டப்பட்ட விளக்கைத் தலைகீழாக மாட்டக் கூடாது. வெளிச்சம் முழுக்க எதிரே வருபவர் முகத்தில் அடிக்கும்.

இனி சாய்வு. சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி, சைக்கிளில் ஒருவரை உட்காரவைத்து விளக்கைப் போடுங்கள். விளக்கு 100 செ.மீ. உயரத்தில் இருந்தால் ஒளியின் நடு சுவரில் 50 செ.மீ.-இல் விழ வேண்டும். அப்படியானால் ரோட்டில் 10 மீட்டரில் படும். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் அது இரண்டு விநாடிகூட இல்லை. வேகமாக ஓட்டுபவர்கள் 75 செ.மீ.-க்கு ஏற்றினால் 20 மீட்டர் கிடைக்கும். பிறகு ஒரு ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கி, மறுபடி சுவரில் பாருங்கள். வெளிச்சம் கீழே இறங்கியிருந்தால் கிளாம்ப் இன்னும் பிடிக்கவில்லை.