எலெக்ட்ரிக் கிட்டாருக்கு மாற்று பிக்கப்: தேர்ந்தெடுப்பதும் பொருத்துவதும்

தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றுவது பிக்கப்; காந்தமும் அதைச் சுற்றிய கம்பிச்சுருளும் (காயில்) சேர்ந்தது அது. புது பிக்கப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன், இப்போது கிட்டாரில் இருப்பதை ஒரு ஸ்க்ரூ டிரைவரால் ஏற்றி இறக்கிப் பாருங்கள். நெக் பிக்கப் (கழுத்துப் பக்கம் இருப்பது) குழம்பிக் கேட்கிறதா? ஒரு மி.மீ. இறக்குங்கள், தடித்த தந்திப் பக்கத்தை இன்னும் கொஞ்சம். பிரிட்ஜ் பிக்கப் (தந்திகள் உடலில் முடியும் பக்கம் இருப்பது) மெலிந்து கேட்கிறதா? ஏற்றுங்கள். தந்திகள் பழசாகியிருந்தால் புதுசு மாட்டிவிட்டுக் கேளுங்கள். தேய்ந்த தந்தியின் மங்கலை எந்த பிக்கப்பாலும் தீர்க்க முடியாது. பிக்கப் மேல் விழுகிற பழியில் பெரும்பகுதி இந்த இரண்டு வேலையிலேயே கழிந்துவிடும்.

அப்படியும் மனசுக்கு ஒட்டவில்லை என்றால், என்ன குறை என்பதை ஒரே வரியில் எழுதிவையுங்கள். "டோன் நல்லா இல்லை" என்பது போதாது. "பிரிட்ஜில் மெல்லிய தந்திகள் காதைக் குத்துகின்றன", "கெய்னை (ஆம்ப்ளிஃபயரின் பெருக்கத்தை) ஏற்றினால் தடித்த தந்திகள் கலங்கிப்போகின்றன", "ரீங்காரம் தாங்கவில்லை" என்று எழுதுங்கள். ஒவ்வொரு வரியும் வேறு வேறு பிக்கப்பைக் கேட்கும். இந்த ஒரு வரி இல்லாமல் கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அவுட்புட் (சிக்னலின் வலு) அதிகமான பிக்கப்பை வாங்கிவந்து, முன்னைவிட மங்கலான கிட்டாரோடு உட்கார்ந்திருப்பார்கள்.

ரீங்காரம்தான் குறை என்றால்

சிங்கிள் காயில் பிக்கப் சுற்றியிருக்கும் மின்சாதனங்களின் காந்தப்புலத்தையும் சேர்த்தே பிடிக்கும். வீட்டு மின்சாரம் 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் ஓடுவதால் அதே சுருதியில் ரீங்காரம் வரும். ஹம்பக்கரில் இரண்டு காயில். ஒன்றுக்கொன்று காந்த முனையும் சுற்றுத் திசையும் எதிரெதிர். வெளியிலிருந்து வரும் ரீங்காரம் தங்களுக்குள் கழிந்து, தந்தியின் சிக்னல் மட்டும் கூடும். கிப்சனில் சேத் லவர் 1955-இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். இன்றைய ஹம்பக்கர்களில் பெரும்பாலானவை அந்த அமைப்பின் வழிவந்தவை.

ஒரு விஷயத்தில் ஏமாறாதீர்கள். பிக்கப் குழியில் செம்புத் தாள் ஒட்டி ஷீல்டிங் செய்தால் விளக்கு டிம்மர், சார்ஜர் போன்றவற்றின் "ஜ்ஜ்" என்ற இரைச்சல் நன்றாகக் குறையும். மெயின்ஸ் ரீங்காரம் அப்படியே இருக்கும். அதைத் தீர்க்க ஹம்பக்கரோ, ஒன்றின் கீழ் ஒன்றாக இரு காயில் அடுக்கிய நாய்ஸ்லெஸ் சிங்கிள் காயிலோ வேண்டும். மூன்று சிங்கிள் காயில் உள்ள கிட்டாராக இருந்தால், நடு பிக்கப்பை எதிர்ச்சுற்று, எதிர்முனை வகையாக வாங்குவது இன்னொரு வழி. இரண்டு பிக்கப் சேர்ந்து ஒலிக்கும் சுவிட்சின் 2, 4 நிலைகளில் ரீங்காரம் அடங்கிவிடும். தனி பிக்கப் நிலைகளில் இருக்கத்தான் செய்யும்.

குழிக்குள் அடங்குமா

சாதாரண ஹம்பக்கர் சுமார் 70 மி.மீ. நீளம், 38 மி.மீ. அகலம். மினி ஹம்பக்கர் அதைவிடச் சிறிது. பி-90 சோப்பார் (சிங்கிள் காயிலில் ஒரு பெரிய வகை) நீளம் கூடுதல், அகலம் குறைவு. ஆகவே ஹம்பக்கர் குழியில் நேராக உட்காராது. பி-90 ஒலிதான் வேண்டும், மரத்தில் கை வைக்க மனமில்லை என்றால், ஹம்பக்கர் அளவு உறையில் வரும் பி-90 கிடைக்கிறது. அதேபோல் சிங்கிள் காயில் குழியில் ஹம்பக்கர் வேண்டுமானால் ஒற்றை அகலத்தில், இரண்டு பிளேடு (நீண்ட உலோகப் பட்டை) வைத்து வருவதை எடுக்கலாம்.

பிரிட்ஜ் பிக்கப்புக்கு மேலே முதல் தந்தியின் நடுவிலிருந்து ஆறாவது தந்தியின் நடுவரை ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். பிக்கப்பின் மேல் ஒவ்வொரு தந்திக்கும் கீழே தெரியும் உலோகப் புள்ளிதான் முனை. வழக்கமான ஹம்பக்கரின் முதல், கடைசி முனைகளுக்கிடையே 49 முதல் 50 மி.மீ.; ட்ரெமலோ பிரிட்ஜுக்கான (கைப்பிடியால் சுருதியை வளைக்கும் பிரிட்ஜ்) அகல வகையில் சுமார் 52 முதல் 53. இரு ஓரத்திலும் ஒரு மி.மீ. விலகியிருந்தால் பெரும்பாலும் காதுக்குத் தெரியாது. அதற்கு மேல் போனால் ஓரத் தந்திகள் கொஞ்சம் தணிந்து கேட்கலாம்.

அளவு சரியாக இருந்தும் மாட்டும்போது தகராறு செய்பவை இரண்டு. ஒன்று, பிக்கப்பின் கால். குழி ஆழமில்லாத கிட்டாரில் நீளக்கால் அடியில் முட்டி, பிக்கப்பை இறக்கவிடாது. இன்னொன்று ஸ்க்ரூ. அங்குல மரையும் மெட்ரிக் மரையும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். பழைய ஸ்க்ரூவைத் திருகிப் புது பிக்கப்பின் மரையை அழித்துவிடாதீர்கள். பெட்டியில் வந்த ஸ்க்ரூவையே போடுங்கள்.

ஃபெண்டரின் டெலிகாஸ்டர் வகை கிட்டாரில் ஒரு கூடுதல் கவனம். பிரிட்ஜ் பிக்கப்பின் அடியில் உள்ள உலோகத் தட்டும் அதன் ஸ்க்ரூக்களும்தான் பல கிட்டார்களில் தந்திகளுக்கு எர்த் கொடுக்கின்றன. தட்டு இல்லாத பிக்கப்பைப் போட்டால் பிரிட்ஜுக்குத் தனியாக ஒரு எர்த் ஒயர் இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் இரைச்சல் கூடும்.

கிலோ ஓம் சொல்வதும் சொல்லாததும்

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது மின்தடை: 6 கிலோ ஓம், 8 கிலோ ஓம், 16 கிலோ ஓம். எண் பெரிதானால் அவுட்புட் பெரிது என்று எல்லோரும் படிக்கிறார்கள். ஒரே கம்பி, ஒரே காந்தம், ஒரே வடிவம் என்றால் மட்டும் அது சரி. 42 கேஜ் கம்பிக்குப் பதில் அதே எண்ணிக்கைச் சுற்றுகளை மெல்லிய 43 கேஜில் சுற்றினால் மின்தடை ஏறத்தாழ கால் பங்கு கூடிவிடும், சிக்னல் கூடாது. டெலிகாஸ்டரின் நெக் பிக்கப் 43 கேஜில் சுற்றப்படுவது. பிரிட்ஜ் பிக்கப்புக்குச் சமமாக 7 கிலோ ஓமுக்கு மேல் காட்டினாலும் அதைவிட மென்மையாகவே ஒலிக்கும். இன்னொன்று, 10 டிகிரி வெப்பம் கூடினாலே செம்பின் மின்தடை சுமார் 4 சதவீதம் ஏறும். 8.0, 8.3 என்று இரண்டு பெட்டிகளில் போட்டிருப்பதை வைத்து முடிவெடுப்பது வீண்.

பெட்டியில் "பிஏஎஃப் வகை" என்று எழுதியிருந்தாலும் இதே எச்சரிக்கை. 1957 முதல் 1962 வரை "பேட்டன்ட் அப்ளைட் ஃபார்" (காப்புரிமைக்கு விண்ணப்பித்துள்ளது) என்ற ஒட்டுத்தாளோடு கிப்சனிலிருந்து வந்த அந்தப் பழைய ஹம்பக்கர்களே ஒன்றுபோல இருந்ததில்லை. சுற்றுகளின் எண்ணிக்கை மாறிக்கொண்டே இருந்ததால் சுமார் 7 முதல் 9 கிலோ ஓம் வரை அளந்திருக்கிறார்கள்.

உண்மையில் கேட்டு வாங்க வேண்டிய எண் இண்டக்டன்ஸ். ஹென்றியில் சொல்வார்கள். அது கேபிளின் கெபாசிட்டன்ஸோடு சேர்ந்து ஓர் இடத்தில் உச்சம் கொடுத்து, அதற்கு மேல் ட்ரெபிளை வெட்டிவிடும். கேபிள் மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட். ஆக 6 மீட்டர் கேபிளுக்கு 600. கணக்குப் போட்டால், 2.4 ஹென்றி உள்ள ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகை சிங்கிள் காயிலின் உச்சம் சுமார் 4200 ஹெர்ட்ஸில் விழுகிறது. 4.5 ஹென்றி உள்ள மிதமான ஹம்பக்கருக்கு 3060. 8 ஹென்றி உள்ள சூடான (அதிகச் சுற்றுள்ள) ஹம்பக்கருக்கு வெறும் 2300. சுற்றைக் கூட்டக் கூட அவுட்புட் ஏறும், பளபளப்பு இறங்கும். இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. தடித்த தந்திகள் கலங்குகின்றன என்பது உங்கள் புகாரானால், சூடான பிக்கப் அதைப் பெரும்பாலும் மோசமாக்கும். குறைந்த சுற்றுள்ளதை வாங்கி, கெய்னை ஆம்பிலோ பெடலிலோ ஏற்றுங்கள். ஆம்பில் கெய்ன் மிஞ்சிக் கிடக்கும் இந்தக் காலத்தில், மிகச் சூடான பிக்கப்புக்கு நியாயமான தேவை மிகச் சிலருக்குத்தான்.

இண்டக்டன்ஸ் எண்ணைத் தராத தயாரிப்பாளரிடம் கம்பியின் கேஜையும் காந்த வகையையும் கேட்டு, மின்தடையோடு சேர்த்துப் படியுங்கள்.

காந்தம்

அல்னிகோ 2 இழுப்பு குறைவு. தாக்கு (மீட்டும் கணத்தின் ஒலி) மென்மையாக, மெல்லிய தந்திகள் கூர்மை குறைந்து கேட்கும். அல்னிகோ 5 அதைவிட வலுவானது, பேஸ் இறுக்கம், ட்ரெபிள் தெளிவு. செராமிக் இன்னும் வலு. அதிக கெய்னில் தாக்கு கலையாது. இந்த அடைமொழிகளைச் சத்தியவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம், சுற்றுதான் பாதிக்கு மேல் தீர்மானிக்கிறது.

ஒரு மாற்றம் மட்டும் கேட்ட உடனே தெரியும். விலை குறைந்த கிட்டாரின் சிங்கிள் காயிலைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒன்றிரண்டு செராமிக் பட்டைகள் ஒட்டியிருந்தால், மேலே தெரியும் ஆறு முனைகள் காந்தமல்ல, வெறும் எஃகு. அந்த எஃகே இண்டக்டன்ஸை ஏற்றி ஒலியைத் தடிக்க வைக்கிறது. முனைகளே அல்னிகோ காந்தமாக இருக்கும் பிக்கப்பைப் போட்டால், ஸ்ட்ராட் என்றால் நினைவுக்கு வரும் அந்த மணியொலி வந்துவிடும். குறைந்த செலவில் அதிகப் பலன் தரும் மாற்றம் இதுதான்.

உரத்த சத்தத்தில், நிறைய கெய்னில் வாசிப்பவர் மெழுகில் முக்கி எடுத்த பிக்கப்பைக் கேட்டு வாங்குங்கள். மெழுகு இல்லாவிட்டால் சுற்றுகள் அதிர்ந்து ஆம்புக்கு முன்னால் கீச்சிடும்.

பாட், கெபாசிட்டர், ஆக்டிவ்

பாட் என்பது வால்யூம், டோன் குமிழ்களின் அடியிலுள்ள மாறும் மின்தடை. சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம் பாட், ஹம்பக்கருக்கு 500. ஹம்பக்கரைப் போட்டுவிட்டுப் பழைய 250-ஐயே விட்டால் ஒலி போர்வை போர்த்தியது போல் இருக்கும். பழி பிக்கப் மேல் விழும். பாட்களில் 20 சதவீத ஏற்றத்தாழ்வு சகஜம் என்பதால் வாங்கிய பாட்டை மல்டிமீட்டரில் அளந்துவிடுங்கள். பிக்கப் ஒயரை எடுத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். ஒயரோடு அளந்தால் மீட்டர் பிக்கப்பின் மின்தடையைத்தான் காட்டும். டோன் கெபாசிட்டர் ஹம்பக்கருக்கு 0.022 மைக்ரோஃபாரட், சிங்கிள் காயிலுக்கு 0.047 அல்லது 0.022.

ஈஎம்ஜி போன்ற ஆக்டிவ் பிக்கப்புக்கு 9 வோல்ட் பேட்டரி, 25 கிலோ ஓம் பாட், ஸ்டீரியோ ஜாக் வேண்டும். பேட்டரிக்கு இடமும் வேண்டும். ஒன்று ஆக்டிவ், மற்றது பாஸிவ் (பேட்டரி வேண்டாதது) என்று கலப்பதைத் தவிருங்கள். ஒரே பாட் மதிப்பு இரண்டுக்கும் ஒத்துவராது.

நான்கு ஒயரும் ஃபேஸும்

பிரிட்ஜ் அருகே தந்தி குறைவாக அசைவதால் அங்கே நெக்கைவிடச் சற்று சூடான பிக்கப் வேண்டும். ஜோடியாக விற்பதை வாங்கினால் இதைத் தயாரிப்பாளரே பார்த்துக்கொள்வார், ஃபேஸும் (சிக்னல் ஏறி இறங்கும் திசையும்) ஒத்துப்போகும். காயிலைப் பிரித்து சிங்கிளாகப் பயன்படுத்த நினைப்பவர் நான்கு ஒயர் ஹம்பக்கரை எடுக்க வேண்டும். 8 கிலோ ஓம் ஹம்பக்கரைப் பிரித்தால் மிஞ்சுவது 4, மெலிவாகத்தான் கேட்கும்.

நிறக்குறி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சீமோர் டங்கனில் கறுப்பு சிக்னல், சிவப்பும் வெள்ளையும் ஒன்றாக முறுக்கி டேப் ஒட்ட வேண்டும், பச்சையும் வெற்றுக் கம்பியும் எர்த். டிமார்சியோவில் சிவப்பு சிக்னல், கறுப்பும் வெள்ளையும் ஒன்றாக, பச்சையும் வெற்றுக் கம்பியும் எர்த். டிமார்சியோவை டங்கன் படத்தின்படி இணைத்தால் ஒரு காயில் தலைகீழாகிவிடும். மீட்டர் மின்தடையைச் சரியாகவே காட்டும். ஒலி மட்டும் தகரம்போல மெலிந்து, ரீங்காரமும் கூடிவிடும். பிக்கப் பழுது என்று திருப்பி அனுப்புமுன் இதைச் சரிபாருங்கள்.

தனித்தனியே நன்றாக ஒலிக்கும் இரண்டு பிக்கப் சேர்ந்தால் மட்டும் மெலிந்து மூக்கால் பேசுவதுபோல் கேட்டால், ஒன்றுக்கொன்று ஃபேஸ் மாறியிருக்கிறது. சால்டர் செய்யுமுன்னே கண்டுபிடித்துவிடலாம். மல்டிமீட்டரை 20 கிலோ ஓமில் வைத்து சிக்னல் ஒயரில் சிவப்பு முனை, எர்த்தில் கறுப்பு முனை கொடுங்கள். பிக்கப் மேல் ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்துச் சட்டென்று எடுங்கள். எண் ஒரு கணம் ஏறும் அல்லது இறங்கும். இரண்டு பிக்கப்பிலும் ஒரே பக்கம் போக வேண்டும். எதிரெதிராகப் போனால் ஒன்றின் சிக்னலையும் எர்த்தையும் மாற்றுங்கள். உலோக உறை எர்த் ஒயரோடு இணைந்திருந்தால் முதலில் உறைக்குத் தனி எர்த் கொடுத்துவிட்டு மாற்ற வேண்டும், இல்லையெனில் உறையைத் தொட்டாலே இரையும்.

பொருத்தும்போது

பிரிப்பதற்கு முன் எல்லா இணைப்பையும் போட்டோ எடுங்கள். பாட்டின் முதுகில் எர்த் ஒட்ட 40 முதல் 60 வாட் சால்டரிங் அயர்ன் வேண்டும். சின்ன அயர்னை நீண்ட நேரம் அழுத்தினால்தான் பாட்டின் உள்ளே வெந்துபோகும். ஒட்டுகிற இடத்தை உப்புத்தாளால் லேசாகச் சுரண்டி, முதலில் அங்கே ஈயம் பூசி, ஒயர் நுனியிலும் பூசி, பிறகு இரண்டையும் சேருங்கள். ஆறும்வரை ஒயர் அசையக்கூடாது. மங்கலாக, உருண்டையாக நிற்கும் ஈயம் சரியாக ஒட்டவில்லை, மறுபடி சூடாக்குங்கள். பழைய பிக்கப்பின் ஒயரைக் குட்டையாக வெட்டாமல் சால்டரை உருக்கி எடுங்கள், திரும்பப் போடவோ விற்கவோ உதவும்.

தந்தி மாட்டுமுன் ஆம்பில் செருகி, சத்தத்தைக் குறைத்து வைத்து, ஒவ்வொரு பிக்கப்பையும் ஸ்க்ரூ டிரைவரால் தட்டுங்கள். சுவிட்ச் காட்டும் பிக்கப்பில் "டக்" என்று கேட்க வேண்டும். கேபிளின் மறுமுனையில் மீட்டரை வைத்தும் பார்க்கலாம்: வால்யூம் முழுதும் திறந்திருந்தால் 8 கிலோ ஓம் பிக்கப் 500 பாட்டோடு சேர்ந்து 7.9 அளவில் காட்டும். பூஜ்யத்துக்குப் பக்கம் காட்டினால் எங்கோ ஷார்ட்.

கடைசியில் உயரம். ஓரத் தந்தியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்து, தந்தியின் அடியிலிருந்து முனைவரை அளங்கள். சிங்கிள் காயிலுக்குத் தடித்த பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய பக்கம் 2. ஹம்பக்கருக்கு நெக்கில் 2.4, பிரிட்ஜில் 1.6. இங்கிருந்து ஆரம்பித்துக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருகுங்கள். அல்னிகோ முனையுள்ள சிங்கிள் காயிலை மிகவும் ஏற்றினால் காந்தம் தந்தியை இழுத்து, உச்ச ஃப்ரெட்டுகளில் சுருதி இரண்டாகப் பிரிந்து அலைபாயும்; இன்டொனேஷனும் (ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் சுருதி சரியாக இருப்பதும்) நிற்காது. அலைபாய்தல் நிற்கும்வரை இறக்குங்கள். பிறகு ஆம்பைத் தொடாமல் சுவிட்சை மாற்றி மாற்றி வாசித்து, பிரிட்ஜும் நெக்கும் ஒரே சத்தத்துக்கு வரும்வரை நெக்கைத்தான் இறக்குங்கள்.