உங்கள் கணினிக்குள் ஸ்பைவேர் எப்படி நுழைகிறது? புதியவர்களுக்கு ஒரு செய்முறை

என் அத்தை போன மாதம் ஒரு பிடிஎஃப் கோப்பை வேர்டாக மாற்ற, இலவச மென்பொருள் ஒன்றைத் தேடி இறக்கினார். மாற்றும் வேலை நன்றாகவே நடந்தது. ஆனால் அன்றிலிருந்து பிரௌசரைத் திறந்தால் கூகுளுக்குப் பதில் ஏதோ ஒரு தேடுபொறி வந்து நின்றது. “நான் எதையும் மாத்தலையேப்பா” என்றார். உண்மைதான். ‘நெக்ஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’ என்று அழுத்திக்கொண்டே போனபோது கூடவே ஒன்று ஏறிவிட்டது.

அத்தையைப் போன்றவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். விண்டோஸ் 11-ஐ வைத்துச் சொல்கிறேன்.

அது என்ன செய்யும்?

நமக்குத் தெரியாமல் கணினியில் தங்கி, நம் விவரங்களை வெளியே அனுப்பும் மென்பொருள்தான் ஸ்பைவேர். சில, நாம் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் பதிவு செய்யும். இவற்றுக்குக் கீலாகர் என்று பெயர். இன்று அதைவிடப் பயப்பட வேண்டிய வகை, பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் குக்கிகளையும் மொத்தமாக அள்ளிக்கொண்டு போவது. ‘இவர் ஏற்கெனவே லாகின் செய்தவர்’ என்று தளத்துக்குக் காட்டும் சீட்டு மாதிரிதான் குக்கி. அது திருடன் கைக்குப் போனால், பல தளங்களில் பாஸ்வேர்டும் ஓடிபியும் இல்லாமலே உள்ளே போய்விடுவான். இந்த வகை வந்தால் பெரும்பாலும் கணினி மெதுவாகவும் ஆகாது, விளம்பரமும் வராது. அதனால்தான் இது பலருக்குத் தெரிவதே இல்லை.

படி 1: வாசல்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

பழைய வாசல் ஒன்று, அத்தைக்கு நடந்ததுதான். 2000-களின் தொடக்கத்தில் கஸா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளோடு இப்படித்தான் விளம்பர நிரல்கள் ஒட்டிக்கொண்டு வந்தன. காசு கொடுத்து வாங்கியதும் தப்பவில்லை. 2005-ல் சோனி பிஎம்ஜி என்ற இசை நிறுவனம் விற்ற சில பாட்டு சிடிகளைக் கணினியில் போட்டால், தன்னையே மறைத்துக்கொள்ளும் ஒரு நிரல் உள்ளே இறங்கியது. மார்க் ருசினோவிச் என்ற நிபுணர் அதைக் கண்டுபிடித்து எழுதிய பிறகுதான் அந்த சிடிகள் திரும்பப் பெறப்பட்டன.

ஆகவே, எதை இன்ஸ்டால் செய்தாலும் ‘கஸ்டம்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, தேவையில்லாத டிக்குகளை எடுத்துவிடுங்கள். பூட்டை உடைத்து இலவசமாகத் தரும் ‘கிராக்’ மென்பொருள் வேண்டவே வேண்டாம். “முதலில் ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள்” என்று ஒரு மென்பொருள் கேட்டால், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

மின்னஞ்சலில் ‘பில்.பிடிஎஃப்’ என்று தெரியும் கோப்பு, உண்மையில் ‘பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ’ ஆக, அதாவது திறந்தாலே ஓடத் தொடங்கும் நிரலாக இருக்கலாம். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ‘வியூ’, ‘ஷோ’, ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்று போய் டிக் செய்தால் முழுப் பெயரும் தெரியும்.

இப்போது பரவும் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். ‘நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிசெய்யுங்கள்’ என்று ஒரு பக்கம் வரும். விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்து, கண்ட்ரோல்-வி அழுத்து, என்டர் தட்டு என்று படிப்படியாகச் சொல்லும். அப்படிச் செய்தால், திருடன் எழுதி, அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாமல் காப்பி செய்து வைத்த கட்டளையை உங்கள் கையாலேயே ஓட்டுகிறீர்கள். உண்மையான கேப்ச்சா (ரோபோ இல்லை என்று உறுதிசெய்யும் சோதனை) எதுவும் இப்படிக் கேட்காது. உடனே பக்கத்தை மூடுங்கள்.

படி 2: சோதித்துப் பாருங்கள்

‘செட்டிங்ஸ்’, ‘ஆப்ஸ்’, ‘இன்ஸ்டால்டு ஆப்ஸ்’ போய், பட்டியலைத் தேதி வரிசையில் வையுங்கள். பிரச்சினை தொடங்கிய நாளில் வந்த புதுப் பெயர் கண்ணில் படும். அத்தை கணினியில் அப்படித்தான் பிடித்தேன். அப்புறம் பிரௌசரின் எக்ஸ்டென்ஷன்களை, அதாவது பிரௌசரோடு சேர்க்கும் குட்டி நிரல்களைப் பாருங்கள். நீங்கள் சேர்க்காததை நீக்குங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில், கணினியோடு சேர்ந்தே தொடங்கும் நிரல்களைக் காட்டும் ‘ஸ்டார்ட்அப் ஆப்ஸ்’ பகுதியையும் ஒருமுறை பாருங்கள். தெரியாத பெயர் என்றால், என்னவென்று தேடிப் பார்த்துவிட்டு அணையுங்கள்.

படி 3: ஆஃப்லைன் ஸ்கேன்

‘விண்டோஸ் செக்யூரிட்டி’யில் ‘வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன்’, ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ போய், விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். கணினி மறுபடி தொடங்கி, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே சோதிக்கும். ஒளிந்திருக்கும் நிரல்கள் அப்போது ஒளிவது கடினம். திறந்திருக்கும் வேலைகளை முதலில் சேமித்துவிடுங்கள்.

படி 4: ஏதாவது சிக்கினால்

பாஸ்வேர்டுகளை அதே கணினியில் மாற்றாதீர்கள். புதியதும் திருடு போகும். வேறொரு சுத்தமான கருவியில், முதலில் மின்னஞ்சல் பாஸ்வேர்டை மாற்றுங்கள், ஏனென்றால் மற்ற பல கணக்குகளையும் அதன் வழியாகத்தான் மீட்க முடியும். கூடவே ‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் அழுத்தினால், திருடு போன குக்கி செல்லாததாகிவிடும். அடுத்தது வங்கி. பணம் போயிருந்தால், இந்தியாவில் இருப்பவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.